கத்தரிக்கு அழுதது போதும்

ஒன்ராறியோவிலிருந்து கல்கரிக்கும் எட்மன்ரனுக்கும் குடிவந்த தோட்டக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உறவுகளே,

வீட்டு விலை தாங்காமல் வந்தவர்கள், வேலை மாறி வந்தவர்கள், 2022இல் மாகாண அரசு தொடங்கிய 'அல்பேர்ட்டா அழைக்கிறது' விளம்பரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு வந்தவர்கள் என்று இந்த மேற்குப் பக்கத்தில் நம் ஆட்களின் தொகை கூடிக்கொண்டே போகிறது. வந்தவர்களில் பலர் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பின்வளவு நிறையத் தோட்டம் போட்டவர்கள். வேலி முழுக்கப் பாகல், பந்தலில் புடோல், ஓரமாக வெண்டியும் கத்தரியும், வாசலில் சாடியில் கறிவேப்பிலை. அங்கே ஓகஸ்ட் மாதத்தில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் ஒரு பை மரக்கறியோடுதான் திரும்பலாம்.

அதே விதைகளை அதே மாதத்தில் இங்கேயும் போட்டீர்கள். வெண்டி முழங்காலளவில் நின்றது. பாகல் வேலியின் பாதிக்கு ஏறிப் பூக்கத் தொடங்கியபோது உறைபனி வந்து ஒரே இரவில் எல்லாம் கறுத்தது. அடுத்த வருடம் பலருடைய பின்வளவில் புல் மட்டுமே மிஞ்சியது. கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் விருந்திலும் தோட்டப் பேச்சு எழுந்தால், 'இந்த ஊரில் ஒன்றும் வராது' என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

வரும். நீங்கள் கேட்டது வரவில்லை. இந்த ஊர் தரக்கூடியதை யாரும் கேட்கவில்லை. அதில் முதலாவதாகப் புரொக்கோலியைச் சொல்வேன். ஏன் என்பதையும் எப்படி என்பதையும் விளக்கவே இந்த மடல்.

முதலில் இரவைப் பாருங்கள். ரொறன்ரோவில் ஜூலை மாத இரவுகள் சராசரியாக 18 பாகை செல்சியஸ். கல்கரியில் அது 10 பாகை. நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேல் இருக்கிறது. பகலில் வெயில் சுட்டாலும் சூரியன் இறங்கியதும் மலைக்காற்று வந்துவிடும். உறைபனி இல்லாத காலம் ரொறன்ரோவில் ஐந்து மாதத்தைத் தாண்டும். கல்கரியில் நாலு மாதம்கூட முழுதாகக் கிடைப்பதில்லை: மே மாதக் கடைசி வாரம் தொடங்கி செப்ரெம்பர் நடுப்பகுதி வரை, அதுவும் நல்ல வருடத்தில். வெண்டிக்கும் பாகலுக்கும் வேண்டியது சூடான இரவு. அதை எந்தப் பசளையும் கொண்டுவந்து தராது.

புரொக்கோலியின் தேவை இதற்கு நேரெதிர். அது நன்றாக வளர்வது 15 முதல் 20 பாகை வரையான குளிர்ச்சியில். நாம் உண்பது அதன் விரியாத பூமொட்டுக்களை. மொட்டுக் கட்டும் காலத்தில் வெப்பம் 30 பாகையை நெருங்கினால் மொட்டுக்கள் ஒரே அளவாக வராது. சில பெருக்கும், சில பழுப்பாகி உதிரும், பூவுக்கு நடுவே இலை கிளம்பும், இரண்டொரு நாளில் எல்லாம் மஞ்சளாக விரிந்துவிடும். ரொறன்ரோவில் வசந்தத்தில் புரொக்கோலி நட்டவர்களுக்கு ஜூலையில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். 'வீட்டில் புரொக்கோலி சரிவராது' என்ற முடிவை அங்கிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருந்தால் அதை இங்கே அவிழ்த்து எறிந்துவிடுங்கள். அங்கே அதைக் கெடுத்தது வெயில்தான்.

இரண்டாவது, பகல். ஜூன் 21 அன்று கல்கரியில் பகல் ஏறக்குறைய 16.5 மணி நேரம், எட்மன்ரனில் 17. ரொறன்ரோவில் 15.5. யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகல்கூட 13 மணியைத் தொடாது. நீண்ட பகலில் இலை ஓயாமல் உணவு செய்கிறது. குளிர்ந்த இரவில் செடி அதை அதிகம் செலவழிப்பதில்லை. பருவம் குறுகியது என்று நாட்களை மட்டும் எண்ணுகிறோம். வெளிச்ச மணித்தியாலங்களை எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் நீண்ட நாள்.

இதன் எல்லையைப் பார்க்க வேண்டுமென்றால் அலாஸ்காவின் மற்றனுஸ்கா பள்ளத்தாக்கைப் பாருங்கள். 1935இல், பொருளாதார நெருக்கடிக் காலத்தில், மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா மாநிலங்களிலிருந்து 203 குடும்பங்களை அமெரிக்க அரசு அங்கே கொண்டுபோய்க் குடியேற்றியது. அவர்களுக்கும் பழகிய மண் அல்ல, பழகிய பருவம் அல்ல. இன்று அந்தப் பள்ளத்தாக்கின் பாமர் நகரில் நடக்கும் மாநிலக் கண்காட்சி இராட்சதக் கோவாவுக்குப் பேர்போனது. 2012இல் அங்கே நிறுக்கப்பட்ட கோவா ஒன்று 138.25 இறாத்தல். உலகின் மிகப் பெரிய புரொக்கோலி என்று பதிவானதும் அதே பாமரில்தான், 1993இல்: 15.87 கிலோ. கல்கரியைவிட பத்துப் பாகை வடக்கே உள்ள ஊர் அது.

புரொக்கோலி நமக்கு அந்நியமும் அல்ல. கோவா, நோக்கோல், கோலிபிளவர், கேல் எல்லாம் ஒரே இனத் தாவரம். ஒன்றில் இலையையும், ஒன்றில் தண்டையும், ஒன்றில் பூவையும் மனிதர் தேர்ந்து பெருக்கினார்கள். ஊரில் கோவாவும் கரட்டும் லீக்சும் நுவரெலியாவிலிருந்து லொறியில் வந்தன. மலையகத்தின் குளிரில் விளைபவை அவை. நம் மூக்கறிந்த கடுகுகூட இந்தக் குடும்பம்தான். உலகச் சந்தைக்குக் கடுகு அனுப்பும் பெரிய நாடுகளில் கனடாவும் ஒன்று. அதில் மிகுதி பக்கத்து மாகாணமான சஸ்கற்சுவானில் விளைகிறது. நீங்கள் தாளிக்கும் கடுகு உங்களுக்கு முன்பே இந்தப் புல்வெளிக்குப் பழகியிருக்கிறது.

இனிச் செய்முறை.

நாட்கணக்கில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். விதைப் பக்கற்றில் '55 நாள்', '60 நாள்' என்று போட்டிருப்பது பொதுவாக நாற்றை நிலத்தில் நட்ட நாளிலிருந்து. விதை போட்டு நாற்றாகும் ஐந்தாறு வாரம் அதில் சேராது. அந்த ஐந்தாறு வாரத்தை வீட்டுக்குள் கழித்துவிட்டால் வெளியே இரண்டு மாதம் போதும். 'பக்மன்', 'கிரீன் மஜிக்' போன்ற 50 முதல் 60 நாள் இரகங்களை எடுங்கள். கிரீன் மஜிக் சற்று வெப்பமும் தாங்கும். சில வருடங்களில் கல்கரியிலும் ஜூலையில் 30 பாகை தாண்டுவதுண்டு. 'டி சிக்கோ' பழைய இத்தாலிய இரகம். நடுப்பூ சிறியது, ஆனால் பக்கக் கிளைகளில் தொடர்ந்து பூ தரும். வீட்டுத் தேவைக்கு அது மிக நல்லது. 'வோல்தம் 29' மாசசூசெற்ஸ் மாநிலத்தின் வோல்தம் ஆராய்ச்சி நிலையத்தில் இலையுதிர்காலத்துக்கென்று உருவானது. அதற்கு 75 நாளுக்கு மேல் வேண்டும் என்பதால் நமக்குக் கணக்கு இடிக்கும். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கற்றில் நாளைப் பார்த்து வாங்குங்கள்.

விதையை ஏப்ரல் முதல் பாதியில் போடுங்கள். இடம் பேஸ்மென்ற். மிளகாய்க்கும் கத்தரிக்கும் அடியில் வெப்பத் தட்டு வைத்துப் படாத பாடு படுகிறோமே, இதற்கு அது எதுவும் வேண்டாம். அறை வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். முளைத்த பிறகு 15, 16 பாகைக் குளிர்ச்சியே அதற்கு உகந்தது. வெளிச்சம் மட்டும் தாராளமாக வேண்டும். ஜன்னலோர வெளிச்சத்தை நம்பினால் நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து சாயும். சாதாரண எல்.ஈ.டி. குழல்விளக்கைச் செடிக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு நாளுக்கு 14 மணி நேரம் எரியவிடுங்கள். செடி வளர வளர விளக்கை உயர்த்துங்கள்.

நாற்றுக்கு நாலைந்து உண்மை இலை வந்ததும் வெளியே பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு சிறிது வெயில், சிறிது காற்று என்று ஒரு வாரம் பத்து நாளில் முழு நாளும் வெளியே நிற்கப் பழகட்டும். கல்கரியின் காற்று வெயிலைவிடக் கொடியது. பழகாத நாற்றை ஒரே பிற்பகலில் வாட்டிவிடும். பழகிய நாற்று மே மாத நீண்ட வார இறுதியில் நிலத்துக்குப் போகலாம். அதன்பின் ஓரிரவு உறைபனி வந்தாலும் -2, -3 பாகை வரை தாங்கிக்கொள்ளும். தக்காளிக்குப் போர்வை தேடி ஓடும் இரவில் இதற்கு ஒரு மெல்லிய துணி போதும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பதப்பட்ட நாற்றைக் குளிர் கொல்லாது, ஆனால் ஏமாற்றும். தண்டு பென்சில் கனத்தைத் தாண்டிய பெரிய நாற்றுக்கு 10 பாகைக்குக் கீழான குளிர் ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அது பருவம் வந்துவிட்டதென்று எண்ணி, பொத்தான் அளவில் ஒரு பூவைக் கட்டிவிட்டு வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். சிறிய நாற்றுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. ஆகவே நாற்றுக் கடையில் கொழுத்ததைத் தேடி எடுக்கும் நம் வழக்கத்தைப் புரொக்கோலியில் விட்டுவிடுங்கள். வேர் சுற்றிய, தண்டு கனத்த, நடுவில் ஏற்கெனவே குட்டிப் பூ தெரியும் நாற்று பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். நாலு இலைச் சிறுநாற்று அதை முந்திவிடும்.

பொத்தான் பூவுக்குக் குளிர் ஒரு காரணம்தான். தண்ணீர் தட்டுப்பட்டாலும், நைதரசன் குறைந்தாலும், வேர் நெருக்கப்பட்டாலும் அதே விளைவு. புரொக்கோலி பந்தியில் பரிமாறுகிறவர் கொஞ்சம் தாமதித்தாலும் கைகழுவி எழுந்துவிடும் விருந்தாளி. பூவின் அளவு அதற்கு முன் வந்த இலைகளைப் பொறுத்தது. முதல் ஆறு வாரத்தில் பெரிய இலை வந்தால்தான் பெரிய பூ வரும். நடுவதற்கு முன் பாத்தியில் கூட்டெருவை நன்றாகக் கலந்து, செடிக்குச் செடி 45 சென்ரிமீற்றர் விடுங்கள். நட்ட மூன்றாம் வாரம் இன்னொரு முறை பசளை. வாரத்துக்கு 3 சென்ரிமீற்றர் அளவு தண்ணீர், மழையையும் சேர்த்து. செடியடியில் வைக்கோல் பரப்பினால் நிலம் குளிர்ந்திருக்கும், ஈரமும் நிற்கும். தெற்குச் சுவரோரத்துச் சூடான இடத்தை இதற்குக் கொடுக்க வேண்டாம். அதைத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் வைத்துக்கொண்டு, ஆறு மணி நேரமாவது வெயில் விழும் திறந்த வெளியில் புரொக்கோலியை வையுங்கள்.

2024 ஜூனில் கல்கரியின் பிரதான நீர்க்குழாய் உடைந்து, வெளியே தண்ணீர் விடுவதற்கு நகரம் முழுக்கத் தடை வந்தது நினைவிருக்கும். செடிகள் வேகமாக இலை விடும் அதே மாதம். கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு பீப்பாய் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியான வாரங்களில் ஒரு பாத்தியைக் காப்பாற்ற அது போதும்.

அடுத்தது ஆலங்கட்டி. 2020 ஜூன் 13 மாலை வடகிழக்குக் கல்கரியில் விழுந்த கட்டிகள் வீட்டுச் சுவர்ப் பலகைகளையே கிழித்தன. காப்புறுதி இழப்பு மட்டும் 100 கோடி டொலரைத் தாண்டியது. நம் ஆட்கள் கணிசமாகக் குடியிருக்கும் பகுதி அது. 2024 ஓகஸ்டில் நகரம் மீண்டும் அடிவாங்கியது. பாத்திக்கு மேல் வளைகம்பி நட்டு வலை கட்டுவதை இங்கே ஆடம்பரமாக எண்ண வேண்டாம். ஒருவேளை அடித்துவிட்டால் உடனே பிடுங்கியும் விடாதீர்கள். இலை கந்தலானாலும் நடுக்குருத்து தப்பியிருந்தால் செடி எழும்பிவிடும்.

அதே வலை இன்னும் மூன்று பகைவரைத் தடுக்கும் என்பதால் அதன் காசு வீண்போகாது. முதலாவது தெள்ளு வண்டு. எள்ளளவான கறுப்பு வண்டு, தொட்டால் துள்ளும். மே இறுதியில் வந்து நாற்றின் இலையைச் சல்லடையாக்கும். நகரைச் சுற்றியுள்ள கனோலா வயல்கள்தான் அதன் பெரிய வீடு. கனோலாவும் புரொக்கோலியின் நெருங்கிய உறவு. இரண்டாவது வெள்ளை வண்ணத்துப்பூச்சி. பார்க்க அழகு, ஆனால் இலையின் அடியில் ஒவ்வொன்றாக முட்டையிட்டுப் போகும், பச்சைப் புழு இலையின் நிறத்திலேயே ஒளிந்திருக்கும். அதுவும் குடிவந்ததுதான்: 1860 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து கியூபெக்கில் இறங்கி நாடு முழுவதும் பரவியது. மூன்றாவது வைரமுதுகு அந்துப்பூச்சி. இங்கத்தைய குளிர்காலத்தை அது பெரும்பாலும் தாண்டுவதில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் தெற்கிலிருந்து காற்றோடு வந்து சேரும்.

நட்ட அன்றே பாத்தியை நுண்வலையால் மூடி, ஓரங்களை மண்ணால் அமுக்கிவிடுங்கள். பூசணிக்கும் வெள்ளரிக்கும் தேனீ வர வேண்டும் என்பதால் வலையை எடுக்க வேண்டிவரும். புரொக்கோலியைப் பூ விரியும் முன்பே வெட்டிவிடுவதால் கடைசி வரை மூடியபடியே விடலாம். நகரத்துக்குள் துள்ளித் திரியும் பெருமுயல்களுக்கும் அதுவே தடை. வலையைத் தாண்டிப் புழு வந்துவிட்டால் பி.ரி.கே. என்று விற்கும் பக்ரீரியாக் கரைசலை மாலையில் தெளியுங்கள். இலையைத் தின்னும் புழுவை மட்டுமே அது தாக்கும். வெயிலில் சில நாளில் சிதைந்துவிடும், மழையிலும் கழுவுப்படும் என்பதால் திரும்பத் தெளிக்க வேண்டும்.

இப்படிப் பார்த்துக்கொண்டால் ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகு நடுப்பூ வரும். அளவுக்காகக் காத்திருக்காதீர்கள், மொட்டுக்கள் இறுக்கமாக இருக்கும்போதே வெட்ட வேண்டும். ஓரத்து மொட்டுக்கள் பிரியத் தொடங்கினால் அன்றைக்கே கத்தி எடுங்கள். காலைக் குளிரில், ஒரு சாண் தண்டோடு, தண்ணீர் தேங்காதபடி சரிவாக வெட்டுங்கள். செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். இலைக்கக்கங்களிலிருந்து பக்கப் பூக்கள் கிளம்பும். வாரத்துக்கு ஒரு முறை வெட்டினால் முதல் உறைபனியையும் தாண்டித் தரும்.

பாகலைக் கொன்ற செப்ரெம்பர் உறைபனி புரொக்கோலிக்கு நன்மையே செய்யும். குளிர் பட்டதும் இந்தக் குடும்பத்துச் செடிகள் உறைவதைத் தடுக்கத் தமக்குள் சர்க்கரையைக் கூட்டிக்கொள்கின்றன, அதுதான் சுவை. 2014 செப்ரெம்பர் 8 முதல் 10 வரை பெய்த பனியில் கல்கரியின் மரங்கள் இலையோடு முறிந்து விழுந்தன. அப்படிப்பட்ட மாதத்துக்கு ஏற்ற மரக்கறி இது. அதற்கென்றே மே நடுவில் இன்னொரு தட்டு விதை போட்டு ஜூன் கடைசியில் நடுங்கள். அந்தப் பயிர் கோடைச் சூட்டை இலைப் பருவத்தில் கடந்து, குளிர்ச்சியில் பூக்கட்டும். ஓகஸ்ட் பிற்பகுதியில் பகல் குறைந்து வளர்ச்சி மெதுவாகும் என்பதால் பக்கற்றில் உள்ள நாளோடு இரண்டு வாரம் கூட்டிக் கணக்குப் போடுங்கள். விறைத்த இலையைக் காலையில் தொட வேண்டாம். மதியம் இளகிய பின் வெட்டுங்கள்.

சமையலறையில் நீங்கள் எனக்குச் சொல்லித்தரக் கூடியவர்கள். இரண்டு விடயம் மட்டும். முதலாவது, கடையில் வாங்கிய புரொக்கோலியின் சுவையை வைத்து இதை எடைபோடாதீர்கள். அது பெரும்பாலும் கலிபோர்னியாவில் வெட்டப்பட்டு நாட்கணக்கில் பயணம் செய்து வருகிறது. வெட்டிய பிறகும் வேகமாக மூச்சுவிடும் மரக்கறி இது. போகிற வழியெல்லாம் தன் இனிப்பைத் தானே தின்றபடி வரும். நெடுநேரம் அவித்தால் கந்தக நாற்றமும் கிளம்பும். கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய் தாளித்து, பெருநெருப்பில் ஐந்து நிமிடம் பிரட்டி இறக்குங்கள், பச்சை மாறக் கூடாது. இரண்டாவது, பூ மட்டும் அல்ல மரக்கறி. தண்டின் தடித்த தோலைச் சீவினால் உள்ளே இருப்பது நோக்கோலின் சுவை. பால்கறிக்கு நன்றாகச் சேரும். இளம் இலையை மெல்லிதாக அரிந்து தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்யலாம். வெட்டிய பூவைச் சமைக்கும் முன் உப்புத் தண்ணீரில் கால்மணி நேரம் அமிழ்த்தி வைத்தால் ஒளிந்திருக்கும் புழு மிதந்து வரும். மிஞ்சியதைக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டெடுத்து, பனிக்கட்டித் தண்ணீரில் ஆற்றி, நீர் வடித்து உறைய வைத்தால் பெப்ரவரி வரை கைகொடுக்கும்.

இதுவரை எழுதியது உங்கள் பாத்தியைப் பற்றி. இனி எழுதுவது அடுத்தவர் பாத்தியைப் பற்றி. தயவுசெய்து பொறுமையாக வாசியுங்கள்.

இந்தக் குடும்பத்துச் செடிகளின் வேரை வீங்கி முடிச்சாக்கும் 'கிளப் ரூட்' என்ற நோய் ஒன்று உண்டு. ரஷ்யாவின் கோவா வயல்களை அது அழித்தபோது, 1878இல் மிகையில் வொரொனின் என்ற தாவரவியலாளர் அதன் காரணியைக் கண்டறிந்து விவரித்தார். அல்பேர்ட்டாவின் கனோலா வயலில் அது முதலில் தென்பட்டது 2003இல், எட்மன்ரனுக்குப் பக்கத்தில். இன்று மாகாணச் சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டிய நோய் அது. அதன் வித்திகள் மண்ணில் 20 வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். காற்றைவிட மண்ணோடுதான் அது அதிகம் பயணம் செய்கிறது: உழவு இயந்திரத்தில், சப்பாத்தில், நாற்றின் வேரில்.

நம்மிடம் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, கண்ட இடத்தில் நாற்று மாற்றிக்கொள்வது. நல்ல பழக்கம்தான், ஆனால் கோவா, புரொக்கோலி, கேல் நாற்றுக்களைத் தோட்டத்து மண்ணோடு பெயர்த்துக் கொடுக்க வேண்டாம். விதையைக் கொடுங்கள், அல்லது கடையில் வாங்கிய நாற்றுக் கலவையில் வளர்த்ததைக் கொடுங்கள். மற்றது, ஜூலையில் மஞ்சளாகப் பூத்த கனோலா வயலுக்குள் பிள்ளைகளை இறக்கிப் படம் எடுப்பது. அது ஒரு விவசாயியின் பிழைப்பு. நம் சப்பாத்துச் சேறு ஒரு வயலின் நோயை இன்னொரு வயலுக்கும், அங்கிருந்து நம் வீட்டுப் பாத்திக்கும் கொண்டுபோகும். வீதியோரம் நின்று எடுத்தாலும் மஞ்சள் மஞ்சள்தான். உங்கள் பாத்தியிலும் இந்தக் குடும்பத்துச் செடிகளைத் தொடர்ந்து ஒரே இடத்தில் வைக்காதீர்கள். குறைந்தது நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் அதே இடம். கல்கரியின் காரத்தன்மை கூடிய களிமண்ணை எல்லோரும் திட்டுகிறோம், ஆனால் இந்த நோய்க்கு அந்தக் காரம் பிடிக்காது. அந்த அளவில் மண் நம் பக்கம் நிற்கிறது.

உங்கள் வீட்டிலிருக்கும் பெரியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் செய்த கைகள் இங்கே பேஸ்மென்றில் தொலைக்காட்சியின் முன் கிடக்கின்றன. நாற்றுமேடை போடுவது, கன்று பதமானதா என்று தண்டைத் தொட்டுச் சொல்வது, மாலை வெயில் தணிந்த பிறகு நடுவது, இறைப்பைத் தவறவிடாமல் இருப்பது: புரொக்கோலி கேட்பது இதே வேலைகளைத்தான். பேரப்பிள்ளைக்குத் தெரியாத இந்த வேலை அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாதது இந்த ஊரின் மாதங்கள் மட்டுமே. பக்கற்றில் உள்ள ஆங்கிலத்தை வாசித்துச் சொல்லிவிட்டு, மண்வெட்டியை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

கத்தரியை அடியோடு விடச் சொல்லவில்லை. சுவரோரம் சாடியில் இரண்டு செடி நிற்கட்டும், ஆசைக்கு. கறிக்கு ஆறு புரொக்கோலிக் கன்று நடுங்கள். அது வந்தால் அதே குளிர்ச்சியை விரும்பும் நோக்கோல், கோவா, கரட், பீற்றூட், பட்டாணி எல்லாவற்றுக்கும் உங்கள் பாத்தியில் கதவு திறந்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊரில் எந்த மாதம் எதை நடுவதென்று நாம் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தாய் தந்தை சொல்லி வந்தது. இந்த மாகாணத்தில் அப்படிச் சொல்லித்தர நமக்கு முன்னே யாரும் இல்லை. விமான நிலையத்தில் அளந்த சராசரி உங்கள் பின்வளவுக்குப் பொருந்தாது. ஆற்றுப் பள்ளத்தில் ஒரு நாள், மேட்டில் ஒரு நாள், எட்மன்ரனில் வேறொரு நாள். ஆகவே இந்த வருடம் ஒரு கொப்பி எடுங்கள். விதை போட்ட நாள், நட்ட நாள், கடைசி உறைபனி, முதல் பூ, முதல் உறைபனி, இரகத்தின் பெயர்: இவ்வளவையும் தமிழில் குறித்து, இலையுதிர்காலத்தில் உங்கள் சங்கத்திலோ கோயிலிலோ சேர்த்து வையுங்கள். நாலைந்து வருடத்தில் அடுத்து வந்து இறங்கும் குடும்பத்தின் கையில் கொடுக்க நம்மிடம் ஒரு நடுகை நாட்காட்டி இருக்கும்.

அன்புடன்,
கல்கரியிலிருந்து உங்கள் தோட்டக்கார உறவு